இடைப்பட்ட காற்று

சான்றிதழ் அலுவலகத்தின் காத்திருப்புக் கூடத்தில் புது ஒலிபெருக்கி மாட்டிய நாள்முதல், கூப்பிட்ட எண் யாருக்கும் புரியவில்லை. "முப்பத்திரண்டு" என்றால் "உப்புக்கண்டு" என்று கேட்டது. ஒரே எண்ணுக்கு ஐந்து பேர் எழுந்து போய்ச் சண்டை போட்டார்கள்.

கருவிக்கு ஒப்புதல் கொடுத்தவர் அளவை அதிகாரி. அலுவலகத்தில் அவருக்குப் பெயர் 'மீட்டர்'. சுவரெல்லாம் மெத்தை ஒட்டிய சோதனை அறையில் பதினெட்டு அளவு எடுத்து, பதினெட்டும் தேறியதைக் கண்ணால் கண்டவர். காதால் கேட்கும் வழக்கம் அவருக்கு இல்லை, விதியிலும் இல்லை.

மகளின் பள்ளிச் சேர்க்கைக்குச் சான்றிதழ் வாங்கப் போன மீட்டரின் மனைவி, மூன்றாம் நாளும் வெறுங்கையோடு திரும்பினாள்.

"உங்க பெட்டி கொட்டாவி விட்டுக்கிட்டே இருக்கு. என் நம்பர் எப்பப் போச்சுன்னே தெரியல. மாசக் கடைசிக்குள்ள குடுக்கலன்னா புள்ளைக்கு எடம் போயிடும்!"

"அளவெல்லாம் சரியா இருக்கே!"

"அப்ப என் காது செவிடா?"

மீட்டருக்கு அது கோபமாகப் படவில்லை, நல்ல யோசனையாகப் பட்டது. மறுநாளே காதுப் பரிசோதனைக்கு அழைத்துப் போனார். காதும் தேறிவிட்டது.

ஒலிபெருக்கியை மாட்டிய எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார். அவர் தலையைச் சொறிந்தார். "ஐயா, கூடம் மொட்டைச் சுவரு. சத்தம் முட்டி முட்டித் திரும்புது. கனமா நாலு திரை தொங்கவிட்டாப் போதும். ஒரு தடவ வந்து நின்னு கேளுங்களேன்."

"நான் கேட்டேன்கிறதுக்கு என்னய்யா ஆதாரம்?" என்றார் மீட்டர்.

அன்றே குறிப்பு எழுதினார்: 'மேற்படி ஒலிபெருக்கியில் குறையில்லை. மேற்படி காதிலும் குறையில்லை. ஆகவே குறை, இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காற்றில் உள்ளதெனப் பணிந்து தெரிவிக்கப்படுகிறது.'

மேலிடம் மெச்சியது. காற்றை ஆராயக் குழு அமைந்தது. அதுவரை பொதுமக்கள் நிரப்ப ஒரு படிவம்: 'ஒலி தெளிவாக உள்ளதா?'

பத்தே நாளில் நானூற்றுப் பன்னிரண்டு படிவம். அத்தனையிலும் 'மிகத் தெளிவு'. மீட்டருக்குத் தலைகால் புரியவில்லை. புரட்டிக்கொண்டே வந்தவர், மனைவியின் கையெழுத்தைப் பார்த்ததும் படிவத்தோடு வீட்டுக்கு ஓடினார்.

"நீயுமா? இப்ப நல்லாக் கேக்குதா?"

"ஒரு மண்ணும் கேக்கல. தெளிவுன்னு எழுதினவங்கள மட்டும் கிளார்க்கே பக்கத்துல வந்து கையக் காட்டிக் கூட்டிட்டுப் போறார். இல்லன்னு எழுதினா காத்துக் குழு விசாரணைக்கு வரணுமாம். யாரு எழுதுவா? எல்லாரும் தெளிவுன்னு போட்டோம். பத்து நிமிஷத்துல சான்றிதழ் கைக்கு வந்துடுச்சு."

மீட்டர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். பிறகு மெல்லக் கேட்டார்:

"பத்து நிமிஷமா? கடிகாரம் வெச்சு அளந்தியா?"