தகப்பன் பெயர் எழுதும் கட்டம்

மூவாயிரம் ஏக்கர் மழைக்காடு, ஏக்கர் ஒரு வெள்ளி டாலர். உள்ளே இருக்கும் ஆறு, தேன், புலி, மனிதர்கள் எல்லாம் கொசுறு. ரப்பர் விலை வானத்தில் பறந்த 1910இல், இப்படியொரு தர்மகாரியத்தைச் சிங்கப்பூர் ஆற்றங்கரையில் ஜொகூர் நிலத்துக்கென இருந்த ஒரு நில அலுவலகம் சத்தமில்லாமல் நடத்திவந்தது. அதன் நீதி முழுவதும் தலைமைக் கிளார்க்கர் குலசிங்கத்தின் பேனா முனையில் நின்றது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சிங்கப்பூரின் காத்தோங்கில் வீடு கட்டியவர். படிவத்தை நிரப்பத் தெரியாதவனை மனிதனாக மதிக்க அவர் மனசாட்சி இடம் கொடுக்காது.

அன்று காலை, ஜொகூர்க் காட்டிலிருந்து ஜக்கூன் பழங்குடி மக்களின் தலைவர் சிடின் வந்தார். முன்னோர் டுரியான் நட்டு வளர்த்த மலையை ஒரு ரப்பர் கம்பெனி கேட்கிறதாம்; அது தங்களுடையது என்று பதிந்துவைக்க வேண்டும். அவருடைய மலாய்ப் பேச்சை மொழிபெயர்க்கத் தேக்காச் சந்தைப் பிரம்பு வியாபாரி முகம்மது யூசுப் கூட வந்திருந்தார். அத்தாட்சியாக அந்த மலையின் டுரியான் பழம் ஒன்றை மேசைமேல் வைத்தார்கள். அதன் வாடையில் அலுவலகம் மூக்கைப் பொத்தியது.

“தகப்பன் பேர்?”

சிடின் வாயை இறுக்க மூடிக்கொண்டார்.

“செத்தவங்க பேர இவங்க சொல்ல மாட்டாங்க ஐயா,” என்றார் யூசுப். “சொன்னா தூங்குறவர எழுப்பிவிட்ட மாதிரியாம். ஊருக்கே காய்ச்சல் வந்துடுமாம்.”

“காய்ச்சலுக்கு ஆசுப்பத்திரி இருக்கு காணும். பேரைச் சொல்லச் சொல்லும்.”

“எனக்கு இவரு அப்பாவத் தெரியும் ஐயா. பத்து வருசம் பிரம்பு வாங்கியிருக்கேன். நான் சொல்றேன், எழுதிக்குங்களேன்.”

“அவர் உம்மடை தகப்பனோ?”

“இல்லைங்க.”

“அப்ப பேசாம இரும்.”

சிடின் மெல்ல ஏதோ சொன்னார். “மலை உச்சியில அப்பா நட்ட மரம் நிக்குதாம். அதப் போய்க் கேக்கச் சொல்றாரு,” என்றார் யூசுப்.

குலசிங்கம் பொறுமையின் திருவுருவமானார். “மரம் பத்து மணிக்கும் நாலு மணிக்கும் இடையில இஞ்ச வந்து கையெழுத்து வைக்குமோ?”

“பழம் வந்திருக்குதே ஐயா!”

“பழம் மைனர். சாட்சி சொல்லேலாது.”

பெயரைச் சொன்னால் மலை மிஞ்சும். அப்பாவின் உறக்கம் போய்விடும். சிடினின் உதடு ஒருமுறை அசைந்தது. பிறகு, வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

குலசிங்கம் கருணையோடு எழுதினார்: ‘தகப்பன் இல்லை. ஆகவே பாட்டன் இல்லை. ஆகவே முன்னோர் நட்ட மரமும் இல்லை.’ அந்த இல்லாத மரத்தின் பழத்தைத் தூக்கிக்கொண்டு யூசுப் படியிறங்க, சிடின் பின்னால் போனார்.

மத்தியானம் அந்த மலையைக் கேட்ட ரப்பர் கம்பெனியின் துரை வந்தார். லண்டனில் பிறந்து ஐந்தே வாரமான கம்பெனி. அதே படிவம், அதே கட்டம். விண்ணப்பதாரரான கம்பெனியின் தகப்பன் பெயர் என்னவென்று குலசிங்கம் தம் சுத்தமான இங்கிலீஷில் பணிவாகக் கேட்டார். கம்பெனிக்கு ஏதப்பா அப்பன் என்று துரை சிரித்தார். குலசிங்கமும் எழுந்து நின்று சிரித்தார். ‘பொருந்தாது’ என்று அழகாக எழுதி, முத்திரை குத்தினார்.

நாலு மணிக்கு அன்றைய கணக்கை முடித்தார். வந்த விண்ணப்பம் இரண்டு. தகப்பன் பெயர் சொல்லாதவர் இருவர். மலை பெற்றவர் ஒருவர். மலையை விட்டு வெளியேற வேண்டியவர்கள், பெண்டு பிள்ளைகளோடு அறுபத்திரண்டு பேர்.

இரண்டு தரம் கூட்டிப் பார்த்தார். ஒரு பிழையும் இல்லை.