அகழிக்குள் நின்று சம்பந்தம் விசாரித்தது

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுகிறேன். என் இடது முழங்காலைத் தவிர இங்கே எல்லாரும் நலம். அங்கே அத்தானின் சர்க்கரையும் உன் கோபமும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன்.

"பையனோட குடும்பத்தப் பத்தி விசாரிக்காம தலையாட்டிடாதே" என்று நீ சொன்னாய். மகளோ, "அம்மா சரின்னாதான் கல்யாணம்" என்று பாரத்தை என் தலையில் இறக்கிவிட்டாள். நாலு பேரிடம் போய்க் கேட்பது என் சுபாவத்துக்கு ஒத்துவராது. சரித்திரம் படித்தவள், கண்ணால் கண்ட சான்றைத்தான் நம்புவேன். பையனின் அம்மா, ஆறு கடலில் சேரும் இடத்தில், பழைய கோட்டை இடிபாட்டை ஒட்டிச் சாப்பாட்டுக்கடை நடத்துகிறாள் அல்லவா? யாரிடமும் சொல்லாமல், தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக, இடிபாடு பார்க்க வந்தவள்போல் போய் இறங்கினேன்.

முன்வாசலில் எல்லாரும்தான் சிரிப்பார்கள், யோக்கியதை கொல்லைப்புறத்தில்தான் தெரியும் என்று, கடைக்குப் பின்னால் நின்ற கோட்டைச் சுவரில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்து, மீனை எத்தனை தண்ணீரில் கழுவுகிறாள், வேலையாட்களை எப்படி ஏசுகிறாள் என்று மனத்துக்குள் மதிப்பெண் போட்டுக்கொண்டே நின்றேனா, கடல் பொங்கி ஆற்றுத் தண்ணீர் பழைய அகழிக்குள் ஏறுவதைக் கவனிக்கவில்லை. கல்லூரியில் அகழிகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி முதல் வகுப்பு வாங்கியவள் நான். அதிலொன்றுக்குள்தான் நிற்கிறேன் என்பது சேறு முழங்காலைப் பிடித்த பிறகே உறைத்தது. கத்தவும் கௌரவம் இடம் தரவில்லை. "யாராவது இருக்கிறீர்களா?" என்று இலக்கணசுத்தமாகக் கேட்டேன்.

அந்த அம்மாவே ஓடிவந்தாள். "கையக் குடுங்கம்மா! வெக்கப்படுறத அப்புறம் வச்சுக்கலாம், தண்ணி ஏறுது!"

நான் வந்தேன், என் ஒரு செருப்பு வரவில்லை.

"என்ன வேலையா வந்தீங்க?"

"கோட்டை ஆராய்ச்சி."

"சரிதான்."

மூன்று பேர் நுழையக்கூடிய அவளுடைய உடை ஒன்றை மாட்டிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன். ஆற்றுமீன், நண்டு, ஆவி பறக்கும் சோறு. "போதும்" என்று ஒவ்வொரு கரண்டிக்கும் வாய் சொன்னதே ஒழிய, கை தட்டை மறைக்கவில்லை.

"முள்ளு பார்த்துச் சாப்பிடுங்க, சம்பந்தி."

முள் சிக்கவில்லை அக்கா, சோறே சிக்கியது.

"பஸ்ஸ விட்டு எறங்கும்போதே தெரியும். உங்க பொண்ணு உங்க போட்டோவக் காட்டியிருக்கால்ல? உங்களுக்கு நல்லாத் தெரியட்டும்னுதான் மீன் அலசுறத அந்த ஓட்டைக்கு நேரா மாத்திக்கிட்டேன்."

"சொல்லியிருக்கலாமே..."

"எப்படிச் சொல்றது? போன மாசம் நானும் உங்க தெரு முனையில நின்னு உங்களப் பார்த்துட்டுத்தான் வந்தேன். குப்பை எடுக்க வந்தவர ‘கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டுப் போங்க’ன்னு சொன்னீங்க. அது போதும்னு திரும்பிட்டேன்."

கேட்டாயா? ஒரு கௌரவமான குடும்பத்தைத் தெருமுனையில் நின்று ஒளிந்து பார்ப்பதாவது! இப்படிப்பட்ட இடத்தில் பெண்ணைக் கொடுப்பதற்கில்லை. யோசித்து எடுத்த முடிவு, மாற்றமில்லை. அத்தானுக்கு வணக்கம், உன் பேரனுக்கு என் ஆசி.

உன் தங்கை

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் வாசலில் சத்தம். என் செருப்பைக் கழுவிக் காயவைத்து எடுத்துக்கொண்டு சம்பந்தியே வந்துவிட்டாள், கூடவே ஒரு தூக்கு நிறைய நண்டு. தேதி பேசிக்கொண்டிருக்கிறோம். மேலே உள்ளதை அத்தானிடம் படித்துக் காட்டாதே. நீயும் அவள் கடைக்கு விசாரிக்கப் போவதாக இருந்தால் தொப்பி வேண்டாம். உன் போட்டோவும் அவளிடம் போயிருக்கிறது.