சாதனா போட்ட ஸ்டார்

லேக் கார்டன்ஸ்,
கொல்கத்தா.

மகாகனம் பொருந்திய மாமனார் ரங்கநாதன் அவர்களுக்கு, மாப்பிள்ளை அனந்த் அநேக நமஸ்காரத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் அத்தையும் சௌக்கியம் என்று நம்புகிறேன். இங்கே தங்கள் புதல்வி சாதனாவும் நானும் நலம், தனித்தனியாக நலம்.

ஆபீசில் அவள்தான் எனக்கு டீம் லீட் என்பது தாங்கள் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்படும் விஷயம். கம்ப்யூட்டருக்கு இட வேண்டிய கட்டளைகளை நாங்கள் வெறும் எழுத்துக் கோப்பில் குறித்து வைப்போம். வாக்கியத்துக்கு நடுவே கட்டளை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காட்ட இரு பக்கமும் ஒரு குறி வேண்டும். உலகமே போடுகிற பேக்டிக்கைப் போடலாம் என்றேன். கீபோர்டின் இடது மூலையில் கிடக்கும் சின்னச் சாய்வுக் கீற்று.

"கொசு உக்காந்த மாதிரி இருக்கு. யார் கண்ணுல படும்? ஸ்டார் போடு" என்றாள்.

பெயருக்குப் பின்னால் ஸ்டார் வந்தால் 'இப்படித் தொடங்குகிற எல்லாமும்' என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும், வம்பு வரும் என்றேன்.

"வீட்லதான் எதுத்துப் பேசற, இங்கயுமா?" மீட்டிங்கில், எல்லார் முன்னாலும். தமிழே தெரியாத வங்காளிகளுக்கு அது மட்டும் புரிந்துவிட்டது, சிரித்தார்கள்.

போன வாரம் 'டெம்ப்' என்ற குப்பைக் கோப்புறையை அழிக்கும் கட்டளையைக் குறிப்பிலிருந்து காப்பி செய்தேன் மாமா, முன்னால் இருந்த ஸ்டாரை விட்டேன், பின்னால் இருந்தது ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது, டெம்ப் என்று தொடங்கிய அத்தனையும் போச்சு, கிளையண்டின் பில் டெம்ப்ளேட் உட்பட. பேக்கப் இருந்தது, துர்கா பூஜைக்கு முந்தைய பழசு. மானேஜருக்கு அவள் அனுப்பிய ரிப்போர்ட்டில் 'அனந்தின் கவனக்குறைவு' என்று ஒரே வரி, ஸ்டாரைப் பற்றி மூச்சே இல்லை. அன்றிலிருந்து கரியாஹாட் ஷேர் ஆட்டோவில் அவள் பின் சீட், நான் டிரைவர் பக்கத்தில் பாதி உடம்பு வெளியே. "தாதா, பௌதிக்குக் கோபமா?" என்று டிரைவர் வங்காளத்தில் அண்ணன், அண்ணி முறை வைத்து விசாரிக்கிறான். ரசத்தில் உப்பு இல்லை என்றால், "ரிப்போர்ட்ல எழுது" என்கிறாள் உங்க பொண்ணு.

தாங்கள்தான் கண்டித்து வைக்க வேண்டும். இல்லையேல் மாற்றல் வாங்கிக்கொண்டு நான் மட்டும் சென்னைக்கு வந்துவிடுவேன்.

அத்தைக்கு நமஸ்காரம். இதைப் படித்துக் காட்ட வேண்டாம். அவர் எந்தக் கட்சி என்று தெரியும்.

தங்கள் அன்புள்ள,
அனந்த்

பி.கு.: உறையை ஒட்டப் போகையில் மானேஜர் போன் செய்தார். ஸ்டார் குறி தன் தேர்வு, அனந்த் தடுத்தும் தான் கேட்கவில்லை, தன் ரிப்போர்ட் தப்பு என்று சாதனா அவரிடம் சொல்லி, லீட் பொறுப்பையும் விட்டுவிட்டாளாம். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. அடுத்த அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்டாராக எடுத்துவிட்டு பேக்டிக் போட்டுக்கொண்டிருக்கிறாள்; மூக்கை உறிஞ்சுவது இங்கே கேட்கிறது. மேலே எழுதியதை விட்டுத் தள்ளுங்கள் மாமா. புது லீட் நான்தானாம். அவளிடம் இதை எப்படிச் சொல்வது என்று மட்டும் உடனே போன் செய்து சொல்லுங்கள்.