அங்குலத்தின் எட்டு மணி

திரையில் மூக்கு மட்டும்தான் தெரிந்தது.

“டேய், மூஞ்சியைக் காட்டுடா” என்றார் பாபின்.

“காட்டிட்டுத்தானே இருக்கேன்” என்றது மூக்கு, ரகசியம் பேசுகிற குரலில்.

“ஒரே இருட்டா இருக்கே. காலங்காத்தால எட்டு மணிக்கு எதுக்குடா ஜன்னலைச் சாத்தி வெச்சிருக்கே?”

மூக்கு கொஞ்ச நேரம் யோசித்தது.

“பல்பு போயிடுச்சு.”

எட்டு மணிக்கு பல்பு எதற்கு என்று பாபின் கேட்பதற்குள் மூக்கு முந்திக்கொண்டது. “அது கிடக்கட்டும். அங்க குளிரு எப்படி?”

பாபின் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. தையல் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மிஷினுக்குள் அடிநூல் சுற்றியிருக்கும் பாபினில் நூல் தீர்ந்துபோனது தெரியாமல் ஒரு முழுச் சட்டையைத் தைத்து முடித்தவர் அவர். உதறினதும் சட்டை துண்டு துண்டாகக் கீழே விழுந்தது. அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் கடல் தாண்டி வந்தும் போகவில்லை.

மூக்குக்குச் சொந்தக்காரர் அங்குலம். கடையின் கட்டிங் மாஸ்டர். கல்யாணத்துக்குப் பெண் பார்த்துவிட்டு வந்தபோதே “அறுபத்தோரு அங்குலம், நம்ம வீட்டு வாசல்நிலைக்குச் சரியா வரும்” என்று சொன்னவர். பதினெட்டு வருஷம் இரண்டு பேரும் ஒரே கடையில், ஒரே மின்விசிறிக்குக் கீழே வேலை பார்த்தார்கள்.

அந்தக் கடையிலிருந்து வெளிநாடு போனவர்களில் பாபின் மூன்றாவது ஆள். முதல் ஆள் போகும்போது “நேரம் பாத்துக் கூப்பிடறேன்” என்றார். இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறார். இரண்டாவது ஆளும் அதையேதான் சொன்னார். இப்போது அவர் நம்பரே வேறு.

அதனால் பாபின் கிளம்பியபோது அங்குலம் அழவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை. ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கையில் கொடுத்தார்.

“இதுல நம்ம ஊரு நேரம் ஓடட்டும். ஞாயித்துக்கிழமை காலையில எட்டு மணிக்குக் கூப்பிடு. ஒன்பதுக்கு நான் கத்தரி எடுத்துடுவேன். நீயும் அவங்களை மாதிரி போயிட்டேன்னு வை, உன் அளவு நோட்டைக் கிழிச்சிப் போட்டுடுவேன்.”

அது போதும் பாபினுக்கு. நாலு வருஷமாக ஒரு ஞாயிறு தவறியதில்லை. வரவேற்பறையில் அங்குலத்தின் கடிகாரம், சமையலறையில் இந்த ஊர் கடிகாரம். வரவேற்பறையில் எட்டு அடித்தால் பாபின் கையில் போன் இருக்கும். காய்ச்சலோ, குளிரோ, பனியோ, அந்தக் கணக்கு மாறாது.

மாறுவது இந்த நாட்டு நேரம்தான். அதுவும் ஒரு கூத்து. வசந்தம் வந்தால் நாடே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளும். இலை உதிரும்போது பழையபடி பின்னால் இழுக்கும். வேலை பார்க்கிற பட்டறையில் அதற்கு நோட்டீசே ஒட்டுவார்கள். பாபின் வீட்டில் முன்னால் தள்ளுவது அவர் பொறுப்பு, பின்னால் இழுப்பது மனைவி பொறுப்பு. மற்ற விஷயங்களிலும் அந்தக் குடும்பம் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

போனை வைத்த பிறகும் பாபினுக்கு மனசு ஆறவில்லை. அங்குலம் நாளாக ஆகக் கரைந்துகொண்டே வருகிற மாதிரி இருந்தது. முதல் வருஷம் பளிச்சென்று தேய்த்த சட்டை, கழுத்தில் டேப், கையில் டீ. இரண்டாவது வருஷம் டேப் இல்லை, வாயில் பல்குச்சி மாதிரி பிரஷ். மூன்றாவது வருஷம் சட்டையும் இல்லை, தலை கலைந்து, தோளில் போர்வை. இப்போது மூக்கு.

“ஒரு மனுஷன் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாவா காணாமப் போவான்?” என்று மனைவியிடம் கேட்டார்.

“பல்பு போச்சுன்னு அவரே சொல்றாரில்ல? வாங்கி அனுப்புங்க” என்றாள் மனைவி, காரியத்தில் கண்ணாக.

அனுப்பினார். ஆன்லைனில் தேடி, இருப்பதிலேயே வெளிச்சமானது எதுவோ அதில் நாலு பல்பு.

அடுத்த ஞாயிறு மறுபடியும் மூக்கு.

“பல்பு வந்துச்சா?”

“வந்துச்சு, வந்துச்சு. ரொம்ப நல்ல பல்பு.”

“அப்ப போட வேண்டியதுதானே?”

“போட்டேன்டா. கண்ணு கூசுது.”

கண் கூசுகிறதா? கட்டிங் மாஸ்டருக்குக் கண்தானே சோறு! உடனே இஸ்திரிக்காரருக்குத் தகவல் போனது. இஸ்திரிக்காரர் அதே கடையின் வாசலில் துணி தேய்ப்பவர். ஒரு வேலையைச் சொன்னால் மூன்று வேலையாகச் செய்து கொடுப்பவர். அன்றைக்கே அங்குலத்தைக் கையோடு இழுத்துக்கொண்டு கண் டாக்டரிடம் போய்விட்டார்.

“கண்ணு ரெண்டும் ரத்தச் சிவப்புப்பா” என்று போனில் சொன்னார். “டாக்டரு சொட்டு மருந்து குடுத்து, வெளிச்சமே ஆகாதுன்னு கறுப்புக் கண்ணாடி மாட்டி விட்டுட்டாரு.”

அதற்கடுத்த ஞாயிறு இருட்டில் மூக்கு தெரிந்தது. மூக்குக்கு மேலே இரண்டு கறுப்பு வட்டங்கள்.

“இருட்டுக்குள்ள எதுக்குடா கறுப்புக் கண்ணாடி?”

“நீதானேடா டாக்டர்கிட்ட அனுப்பி வெச்சே!” என்று சீறிய மூக்கு, சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்துக் குரலை இறக்கிக்கொண்டது. “மெதுவாப் பேசு. அவ முழிச்சுக்கப் போறா.”

பாபினுக்குப் பொறி தட்டியது. பகல் எட்டு மணிக்கு வீட்டுக்காரி தூங்குகிறாள். புருஷன் இருட்டில் ஒளிந்து ரகசியம் பேசுகிறான். அப்படியென்றால் பல்பும் இல்லை, கண்ணும் இல்லை. புருஷன் பெண்சாதிச் சண்டை!

“நீ அந்தத் தங்கச்சிக்குப் போன் பண்ணு” என்றார் மனைவியிடம். “பதமாக் கேளு.”

மனைவி பதமாகத்தான் கேட்டாள். கேட்டுவிட்டு வந்து பாபினை ஒரு மாதிரி பார்த்தாள்.

“என்ன சொன்னா?”

“‘அதை ஏன் கேக்கறீங்க அக்கா, இந்த வீட்டுல யாரு நிம்மதியாத் தூங்கறா’ன்னா.”

“பாத்தியா! சண்டைதான். எதனாலயாம்?”

“அதைத்தான் கேட்டேன். ‘உங்க வீட்டுக்காரரையே கேளுங்க’ன்னு சொல்லிட்டு வெச்சிட்டா.”

“என்னையா? நான் என்னடி பண்ணேன்?”

“அதைத்தான் நானும் கேக்கறேன்.”

பாபின் அன்று முழுவதும் பட்டறையில் பேண்ட்டுக்கு ஜிப் மாற்றிக்கொண்டே இதையே யோசித்தார். மூன்று ஜிப்பைத் தலைகீழாக வைத்துப் பிரித்த பிறகு விஷயம் விளங்கிற்று. அங்குலத்துக்கு மனசு விட்டுப் பேச ஆள் இல்லை! பதினெட்டு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பேசியவன், வாரத்துக்கு ஒரே ஒரு தடவை முகத்தைக் காட்டினால் அங்குலம்தான் என்ன ஆவான்? இருட்டில்தான் உட்காருவான். வீட்டுக்காரி கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது.

“இனிமே ஞாயிறு மட்டும் இல்லடா. புதன், வெள்ளியும் கூப்பிடறேன்” என்றார் அடுத்த தடவை. “எனக்கு அந்த ரெண்டு நாளும் மத்தியான ஷிப்ட்டு. அதே எட்டு மணி!”

மூக்கு மேலும் கீழும் ஒரு தடவை அசைந்தது.

“புதன்… வெள்ளியுமா?”

“உனக்காக இதுகூடச் செய்ய மாட்டேனா?”

“செய்வடா. நீ செய்வே” என்றது மூக்கு. குரல் தழுதழுத்தது. சந்தோஷத்தில்தான் என்று பாபின் எடுத்துக்கொண்டார்.

மூன்று வாரம் அப்படியே போயிற்று. அங்குலம் ஒரு நாளும் எடுக்காமல் விட்டதில்லை. ஆனால் பேச்சு நடுவில் நின்றுபோகும். ஒரு புதன்கிழமை பாபின் பட்டறைக் கதை ஒன்றைச் சொல்லி முடித்துச் சிரித்தார். அந்தப் பக்கம் குறட்டை. “டேய்!” என்று கத்தியதும், “ஆமாடா, முப்பத்தெட்டரை அங்குலம்” என்று பதில் வந்தது.

நாலாவது ஞாயிறு போன் அடித்துக்கொண்டே இருந்தும் அங்குலம் எடுக்கவில்லை. நாலு வருஷத்தில் முதல் தடவை. பாபின் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். சாப்பாடும் இறங்கவில்லை. கடைசியில் போன் வந்தது. ஆனால் பேசியது இஸ்திரிக்காரர்.

“விஷயம் தெரியுமா? உன் சிநேகிதன் கவுத்துட்டான்.”

“என்னய்யா ஆச்சு? அவன் நல்லா இருக்கானா?”

“ஆஸ்பத்திரிக்கு முப்பது கோட்டு ஆர்டரு. முப்பதுக்கும் துணி வெட்டினான். ஒரு வலது கை கிடையாது. அறுபதும் இடது கை!”

ஒரு அங்குலம் தப்பாத அங்குலம்!

“மேஜை மேலயே தூங்கறான்பா. மொதலாளி ரெண்டு நாள் வீட்டுல கிடன்னு அனுப்பிட்டாரு. இன்னொரு தப்பு நடந்தா கத்தரியை வேற ஆளு கையில குடுத்துடுவாராம்.”

நாற்பத்தேழு வயசில் கத்தரியைப் பிடுங்கிவிட்டால் அவன் எங்கே போவான்? அவனுக்கு வேறு என்ன தெரியும்? பாபினுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வந்தார். வாரத்துக்கு மூன்று தடவை போதவில்லை. இனிமேல் தினமும் கூப்பிட வேண்டியதுதான். அதைச் சொல்லிவிட இந்த நிமிஷமே போன் போட்டார்.

எடுத்தது அங்குலத்தின் மகள். பத்தாவது படிக்கிற பெண். அவளுக்குப் பின்னால் ஜன்னல் திறந்திருந்தது. சுவரில் வெயில் சுள்ளென்று அடித்தது. பார்த்து எத்தனை நாளாயிற்று அந்த வீட்டு வெயிலை!

“மாமா, அப்பா தூங்கறாரு.”

“மத்தியானம் ரெண்டு மணிக்கா?”

“ரெண்டா? இங்க பத்துதானே ஆகுது.”

பாபின் வரவேற்பறைச் சுவரைப் பார்த்தார். அங்குலத்தின் கடிகாரத்தில் டாண் என்று இரண்டு.

“உங்க வீட்டுக் கடிகாரம் நின்னு போச்சாம்மா?”

“போன்ல பாத்துத்தான் மாமா சொல்றேன். காலையில பத்து.”

“இரும்மா, வெச்சிடாதே” என்று சொல்லிவிட்டு, பாபின் சமையலறைப் பக்கம் திரும்பினார். “ஏ, இங்க வா! இலை உதிர்ற சமயத்துல நீ கடிகாரத்தைப் பின்னாடி வெப்பியே, ரெண்டையும்தானே வெப்பே?”

கரண்டியோடு வந்து நின்றாள் மனைவி. “ரெண்டையுமா? சமையக்கட்டுல இருக்கறதை மட்டும்தான். இந்த நாடு நேரத்தை மாத்திக்கிட்டா, நம்ம ஊரு எதுக்குங்க மாறணும்?”

“ஐயய்யோ! நான் முன்னாடி தள்ளறப்ப ரெண்டையும்ல தள்ளினேன்!”

“அந்தக் கடிகாரத்தையுமா? எதுக்கு?”

“வீட்டுல இருக்கற எல்லாக் கடிகாரத்தையும்னு நோட்டீசுல போட்டிருந்தாண்டி!”

“எத்தனை வருஷமா?”

பாபின் விரல் விட்டு எண்ணினார். வருஷத்துக்கு ஒரு மணி. நாலு விரல் மடங்கியது. எட்டிலிருந்து நாலு போனால் என்ன மிச்சம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். விடிகாலை நாலு மணி! அந்த நேரத்துக்குத்தான் டீ எங்கே, டேப் எங்கே, மூஞ்சியைக் காட்டு என்று அதட்டியிருக்கிறார். போதாததற்கு புதனும் வெள்ளியும் வேறு. முதல் வருஷம் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கூப்பிட்டது, இப்போது காலையில் பல் துலக்கினவுடன் கூப்பிடுகிறோமே என்று தனக்கு ஒரு நாள் தோன்றியதும், வெளிநாட்டு நேரத்துக்கு ஆயிரம் நெளிவுசுளிவு என்று அதைத் தூக்கிப் போட்டதும் ஞாபகத்துக்கு வந்தது. பாபினில் நூல் தீர்ந்து நாலு வருஷம். மிஷின் மட்டும் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.

“ஏம்மா” என்றார், போனைத் திரும்ப முகத்துக்கு நேரே பிடித்து. “தூக்கக் கலக்கத்துல உங்கப்பா மணியே பாக்கலையா? எட்டு எட்டுன்னு நான் சொல்றப்பல்லாம் ஆமா ஆமான்னானே!”

“பாக்காம என்ன? எங்க யாரையும் உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாரு மாமா. ‘அவனுக்கு அங்க அந்த ஒரு நேரம்தான் கிடைக்குது போல. வேற நேரம் கேட்டா, பாத்துக் கூப்பிடறேன்னுவான். அப்படிச் சொன்ன ரெண்டு பேரும் அப்புறம் கூப்பிடவே இல்லை’ன்னாரு.”

பக்கத்தில் மனைவி கரண்டியோடு மூக்கை உறிஞ்சினாள்.

“மாமா, கேக்குதா?” என்றாள் அந்தப் பெண், கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு. “வருஷா வருஷம் வசந்தம் வந்தா நீங்க ஒரு மணி நேரம் முன்னாடி கூப்பிட ஆரம்பிச்சிடுவீங்களாமே, அது அடுத்த மாசமா? இல்ல, அப்பா இப்பவே தினமும் மூணு மணிக்கு அலாரம் வெச்சு எழுந்து பழகிட்டிருக்காரு.”