ஊர்வலம் போன தொப்புள்கொடி

பிரசவ அறைக்குள் குழந்தை வீறிட்டது. வெளியே பெஞ்சில் இருந்த பரசுராமன் துள்ளி எழுந்தார். வாசல் மேஜையில் அந்த வெள்ளைப் பெட்டி இருந்தது. குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடியை அதில் வைத்துக் கூரியரிடம் சேர்த்துவிட வேண்டும்.

மேஜைக்கு வந்ததை உடனே அடுத்த மேஜைக்குத் தள்ளிப் பழகியவர், கலெக்டர் ஆபீஸ் கிளார்க். அப்படியே தூக்கிக்கொண்டு ஓடினார்.

கல்யாணமாகிப் பதினாறு வருஷம் கழித்து மனைவி திரௌபதிக்குப் பிள்ளை. அந்த ஒரு முழக் கொடியின் சதையில் எலும்பாகக்கூட மாறவல்ல செல்கள் இருக்கின்றனவாம். கேட்டதிலிருந்தே அவருக்கு மெய்சிலிர்ப்பு. ஒரு நாள் பிள்ளைக்கு உதவுமே!

அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காக வண்டிகளை ஊருக்கு வெளியே வேங்கிக்காலிலேயே மறித்திருந்தார்கள். கூரியர்காரர் அன்வர் பாஷாவும் அங்கேதான் மாட்டிக்கொண்டிருந்தார். பரசுராமன் பெட்டியோடு கூட்டத்துக்குள் புகுந்தார்.

"வழி விடுங்க, அவசரம்!"

"எல்லாருக்குந்தான் அவசரம். மெதுவா போங்க."

"இதுல தொப்புள்கொடி இருக்குதுங்க!"

சொல்லியிருக்கக் கூடாது. விலக வேண்டிய கூட்டம் சூழ்ந்துகொண்டது.

"நாங்க காஞ்ச கொடிய தாயத்துல போட்டு இடுப்புல கட்டுவோம். நீங்க எங்க எடுத்துட்டுப் போறீங்க?" என்றாள் பூக்காரி தனம்.

"மெட்ராஸுக்குங்க. உறைய வெச்சு பத்திரமா வெப்பாங்க. நாளைக்கு வைத்தியத்துக்கு ஆவுமான்னு ஆராய்ச்சி பண்றாங்க. எலும்பாகூட மாறுமாம்!"

"அண்ணாமலையாரே! குப்பையில போறதுலயா இவ்ளோ வெச்சிருக்க?"

தனம் ஒரு முழம் மல்லிகையைப் பெட்டிக்குச் சுற்றினாள். கண்ணில் நீர். பிறகு ஆளாளுக்குத் தொட்டுக் கும்பிட்டார்கள். ஒருவர் மூடிமேல் கற்பூரமே வைத்துவிட்டார்.

"ஐயோ, சூடு ஆவாதுங்க!"

"சூடு ஆவாதாம், ஓரம் போங்க! அரோகரா!"

ஐம்பது பேர் முன்னால் கூட்டத்தை விலக்க, பின்னால் நூறு பேர் வர, வேங்கிக்கால் போய்ச் சேர்ந்தார் பரசுராமன். வேர்த்துக் கொட்டியது. ஆனாலும் மனசு நிறைந்திருந்தது. ஒரு கொடிக்கு இத்தனை பேரா!

விஷயத்தைக் கேட்ட அன்வர் பாஷா செருப்பைக் கழற்றிவிட்டு இரு கைகளாலும் பெட்டியை வாங்கினார். கூட்டம் அமைதியானது. அப்போதுதான் பரசுராமனுக்குத் தன் பையில் செல்போன் அடிப்பது கேட்டது. அதற்கு முன்பே பதினோரு தடவை அடித்து ஓய்ந்திருந்தது அது.

எடுத்ததும் நர்ஸ் ஜீனத் கத்தியது பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்டது.

"சார், அழுதது அடுத்த பெட்டு குழந்தை! உங்களுது இப்பதான் தலை தெரியுது, அந்தக் காலிப் பெட்டிய எடுத்துட்டு ஓடியாங்க!"