இஞ்சின் அண்ணையின் குட்டிப் போயா

வானத்தில் திரிகிற ஒரு கல்லால் நேரடியாக நன்மை அடைந்த மனிதர் இந்த வன்னியில் ஒரேயொருவர்தான். அவர் எங்கள் இஞ்சின் அண்ணை.

அக்கராயனில் நான் கணக்கெழுதுகிற அரிசி ஆலையில் இயந்திரம் ஓட்டுபவர் அவர். நாற்பது தாண்டியும் கல்யாணமாகவில்லை. காரணம் போயா. பௌர்ணமிக்குப் பௌர்ணமி நாடே விடுமுறை, ஆலையும் அன்று மட்டும்தான் நிற்கும். நிற்கிற அன்றுதானே இயந்திரத்தைக் கழற்றித் துடைக்கலாம்? ஊரெல்லாம் நித்திரை கொள்ள, அண்ணை மட்டும் கிரீஸோடு கிடப்பார். வேறு நாளில் லீவு கேட்டால் முதலாளிக்கு முகம் கறுக்கும்.

தர்மபுரத்தில் ஒரு பெண்ணைப் பார்க்க வருவதாகச் சொல்லிச் சொல்லியே போகாமல் விட்டதில், தரகர் முடிவாகச் சொல்லிவிட்டார்.

"இந்தக் கிழமையும் வராட்டி அவை வேற இடம் பாப்பினம்."

அந்த நேரம் பார்த்துப் பேப்பரில் செய்தி வந்தது. சின்னக் கல்லொன்று பூமியின் இழுப்பில் அகப்பட்டிருக்கிறதாம். இரண்டு மாதம் குட்டி நிலாவாக நின்றுவிட்டுப் போய்விடுமாம். அண்ணை பேப்பரோடு முதலாளி முன்னால் போய் நின்றார்.

"முதலாளி, நிலா ரெண்டெண்டா போயாவும் ரெண்டுதானே? ஒண்டு மெசினுக்கு, மற்றது எனக்கு லீவு."

"எட, அது பஸ் அளவு கல்லடா. கண்ணுக்கே தெரியாதாம்."

"மாரியில போயா நிலாவும் முகிலுக்க தெரியிறேல்லை. அதுக்காக மில்லைத் திறக்கிறியளோ?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். ஆனால் அவர் லேசுப்பட்டவரா? பேப்பரை வாங்கிக் கடைசி வரிவரை வாசித்தார்.

"இஞ்ச பார். இது பூமியை முழுசாச் சுத்தாதாம். பிறகு முழுநாள் என்னெண்டு தாறது? அரைநாள் எடு."

அண்ணை குளிக்கவும் நிற்கவில்லை. தலையெல்லாம் தவிட்டோடு மோட்டார் சைக்கிளில் பறந்தார். இவ்வளவு நாளும் ஏன் வரவில்லை என்று பெண் வீட்டில் கேட்க, நிலாக் கதை முழுவதையும் அவிழ்த்துவிட்டிருக்கிறார். பெண் விழுந்து விழுந்து சிரித்தாராம்.

"அரைநாள் லீவுக்கு ஆகாயம் வரைக்கும் போன மனிசன், என்னை வடிவாப் பாப்பாரப்பா" என்று தகப்பனிடம் சொல்லிவிட்டாராம்.

தையில் கல்யாணம். கல் அதற்கு முன்பே போய்விட்டது. அண்ணி நின்றுவிட்டார்.

போன கிழமை அண்ணை மறுபடியும் முதலாளியிடம் போனார்.

"அந்தக் கல் முப்பது வருசத்தால திரும்ப வருமாம். இப்பவே லீவு சொல்லி வைக்கிறன். ரெண்டு பேருமாப் பாக்கோணும்."

"கண்ணுக்குத் தெரியாததைக் கிழட்டு வயசில என்னெண்டு பாப்பாய்?"

"நான் அவவைப் பாத்துக்கொண்டிருப்பன்."

முதலாளி லீவுப் புத்தகத்தை எடுத்து விரித்தார்.

"முழுநாளாவே எடு" என்றார்.

அன்று இயந்திரத்தை நான் பார்த்துக்கொள்வதாக ஒத்துக்கொண்டிருக்கிறேன். அந்த மனிதருக்காகவாவது அதுவரை உயிரோடு இருக்கத்தான் வேண்டும்.