டவுட்டு எடுத்து வைத்த ஜனவரி

கடவுளே நேரில் வந்து நின்றாலும், அவருக்கு ஒரு நகல் எடுத்து மாதவரத்தில் பத்திரப்படுத்திய பிறகுதான் டவுட்டு கும்பிடுவார். அந்த நகல் திறக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

அவருடைய இயற்பெயர் எனக்குத் தெரியாது. ஒருமுறை கேட்டேன். "எதுக்கு?" என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

திருவொற்றியூரிலிருந்து மணலிக்குப் போகும் வழியில் ஒரு கன்டெய்னர் யார்டு இருந்தது. இரண்டாயிரமாவது ஆண்டு தீபாவளி முடிந்த கையோடு அங்கே கேட் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். படிப்பு எட்டாவது. அதற்கு முன் காசிமேட்டில் ஐஸ் உடைத்தேன், லாரியில் கிளீனராகப் போனேன், எண்ணூரில் சாம்பல் அள்ளினேன். எண்களை மட்டும் அழகாக எழுதுவேன். உள்ளே வரும், வெளியே போகும் ஒவ்வொரு கன்டெய்னருக்கும் அதன் எண், லாரி எண், கதவில் போட்ட சீலின் எண், நேரம் எல்லாவற்றையும் சீட்டில் எழுதி அனுப்ப வேண்டும். ஆபீசில் டவுட்டு அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார்.

என் முதல் சீட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"நீயே பாத்து எழுதுனியா, எவனாச்சும் சொல்லச் சொல்ல எழுதுனியா?"

"பாத்துதான்ணா."

"எத்தினி வாட்டி பாத்த?"

"ஒரு வாட்டி."

"ஒரு வாட்டி பாக்கறதுக்கு எதுக்குடா ரெண்டு கண்ணு?"

பிறகு என் பழைய வேலைகளை விசாரித்தார். இரண்டு வருடத்தில் ஏழு வேலை என்றதும் தலையாட்டினார். "அப்ப நீ பேரன்தான். ஒரு வாரம் தாங்குவ."

அது வசவு என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் ஊரையே அப்படித்தான் பிரித்து வைத்திருந்தார் என்பது பிறகு தெரிந்தது. தினமும் மாலையில் கம்ப்யூட்டர் கணக்கை நகல் எடுக்கும் ஃபிளாப்பி தட்டு, பேரன். அடுத்த வாரம் அதே கிழமையில் அதன்மேலேயே புதிதாக எழுதிவிடலாம். சனிக்கிழமை எடுப்பது அப்பன், ஒரு மாதம் இருக்கும். மாதக் கடைசியில் எடுப்பது தாத்தா. "பேரன் சாவலாம், அப்பன் சாவலாம். தாத்தா மட்டும் சாவக் கூடாது" என்பார். விவரம் தெரியாமல் இதைக் கேட்ட ஒரு லாரி டிரைவர் அவரிடமிருந்து இரண்டடி தள்ளி நின்றான்.

அவர் சந்தேகப்படும் எதிரிகளின் பட்டியல் நீளமானது. ராயபுரத்திலிருந்து வரும் உப்புக்காற்று, மணலிப் பக்கத்துப் புகை, எலி, டீக்கடை ரேடியோவின் காந்தம், கடைசியாக முதலாளி. பேரன்களை பிஸ்கட் டின்னில் அரிசி முடிச்சோடு ஆபீஸ் பீரோவில் வைத்தார். ஈரத்தை அரிசி குடித்துவிடுமாம். ஆபீஸ் எரிந்தால் என்ன செய்வது என்று அப்பன்களை எதிர்ச்சாரி டீக்கடையில் கொடுத்து வைத்தார். ஒரு நாள் போய்ப் பார்த்தால், கடைக்காரர் பிப்ரவரி இரண்டாவது வாரத்தின் மேல் டீ கிளாஸ் வைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா நைனா, இதுமேலயா கிளாஸ் வெப்ப?"

"சதுரமா இருந்துச்சு, வெச்சேன். வேற எதுக்கு ஆவும் அது?"

அன்றிலிருந்து அந்தக் கடையில் அவர் டீயே குடிக்கவில்லை.

தாத்தாக்களின் ஊர் மாதவரம். அங்கே அவர் தங்கை வீடு. கடல்காற்று அவ்வளவு தூரம் வராது என்பது அவர் கணக்கு. டிபன் கேரியரின் மேலடுக்கில் ஃபிளாப்பியை வைத்து மடியில் அணைத்தபடி பஸ்ஸில் போவார். இஞ்சின் பக்கத்து சீட்டில் உட்கார மாட்டார். ஒருமுறை நானும் கூடப் போனேன். கண்டக்டருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"பெர்சு, அதுல இன்னா கீது?"

"ஏப்ரல்."

"இன்னாது?"

"ஏப்ரல் மாசம். முப்பது நாளும் கீது. நீ இடிக்காத போ."

அதன்பின் கண்டக்டர் எங்கள் பக்கமே வரவில்லை.

மாதத்தின் முதல் சனிக்கிழமை சோதனை நாள். ஏதாவது ஒரு தாத்தாவை எடுத்துக்கொண்டு போய், கம்ப்யூட்டர் சென்டர் ஒன்றில் போட்டுத் திறந்து பார்ப்பார். "எடுத்து வெச்சா ஆச்சா? தொறக்குதான்னு பாக்கணும். தொறக்காத பேக்கப்பு வெறும் பிளாஸ்டிக்குடா."

எங்கள் முதலாளி தூத்துக்குடிப் பக்கம். எல்லோருக்கும் அண்ணாச்சி. கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை என்று ஆறு மாதத்துக்கு முந்தையதையெல்லாம் அழிக்கச் சொன்னவர் அவர்தான். பழைய சீட்டுகளும் காகிதக்காரனுக்குப் போயின.

"ஃபிளாப்பியையும் அழிச்சிட்டுத் திரும்பப் போடும்வே. ஆறு மாசத்துக்கு மேல எதுக்கு?"

"கேஸு போடறவன் சூடா கீறப்போ வர மாட்டான் அண்ணாச்சி. ஆறனப்பறம்தான் வருவான். எவன் எம்மா நாள் கழிச்சு வந்து கேப்பானோ, அம்மா நாள் வெக்கணும். அதுக்கு மேல ஒரு வருசம்."

"அது எதுக்கு?"

"கேக்கறவன் பொய் சொன்னா?"

மாதக் கடைசியில் இன்னொரு நகலும் எடுப்பார். அதை உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் அண்ணாச்சியின் கையெழுத்தையும் தேதியையும் வாங்கிக்கொள்வார். "இது எங்கவே போகுது?" என்று அண்ணாச்சி கேட்டால், "சொல்றதா இருந்தா இன்னாத்துக்கு ஒட்டறது?" என்பார். அண்ணாச்சி திட்டிக்கொண்டே கையெழுத்துப் போடுவார்.

நான் யார்டுக்குள்ளேயே ஒரு ஷெட்டில் படுத்துக்கொள்வேன். சொத்து ஒரு தகரப் பெட்டி. பூட்டு கிடையாது, பூட்டும் அளவுக்கு உள்ளே ஒன்றும் இல்லை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டவுட்டு பிளாஸ்கில் டீயோடு வருவார், என்னைக் குளிக்கப் போகச் சொல்வார். குளித்துவிட்டு வந்தால் டீ சூடாக இருக்கும். நமக்கும் ஒரு ஆள் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். அந்தச் சமயத்தில் என் பெட்டிக்குள் அரிசி மணிகள் கிடக்கும், எறும்பு வரும். பக்கத்தில் படுக்கும் கிரேன் டிரைவர் அரிசி திருடி ஒளிக்கிறான் என்று அவனோடு இரண்டு வாரம் பேசாமல் இருந்தேன்.

மறு வருடம் ஆயுத பூஜை முடிந்த மறு வாரம், சரக்குக்காரரின் வக்கீல் ஒருவர் போலீஸ்காரரோடு வந்தார். ஜனவரியில் எங்கள் யார்டிலிருந்து போன ஒரு கன்டெய்னரில் பாதிச் சரக்கு இல்லையாம். கதவில் இருந்தது வேறு சீலாம். யார்டில்தான் மாற்றியிருக்க வேண்டுமாம். அன்று கேட்டில் யார்? நான்.

கேட்டில் வைத்திருந்த பதிவுப் புத்தகத்தைக் கரையான் தின்றிருந்தது. சீட்டு காகிதக்காரனிடம். கம்ப்யூட்டரில் ஜனவரி இல்லை. எட்டாவது படிப்பு, நிலையான விலாசம் கிடையாது, எங்கும் நிலைக்காத ஆள். அந்தப் போலீஸ்காரராக இருந்தால் நானும் என்னைத்தான் பிடித்திருப்பேன். அண்ணாச்சி ஒரு நாள் அவகாசம் கேட்டார். நான் பெட்டியைத் தூக்கினேன். டவுட்டு வழி மறித்தார்.

"எங்கடா?"

"எங்கனா போறேன்ணா."

"ஓடுனா நீதான்னு ஆயிடும். நீ எடுத்தியா?"

"இல்லண்ணா."

"நான் நம்பல. வா, தாத்தாவ கேப்போம்."

பெட்டியை ஷெட்டில் போட்டுவிட்டு மாதவரத்துக்குப் போனோம். அவர் தங்கை பூஜை அலமாரியைத் திறந்தார். எல்லாத் தாத்தாக்களும் வரிசையாக இருந்தார்கள். ஒவ்வொருவர் நெற்றியிலும், அதாவது ஃபிளாப்பியின் சின்னத் தகரக் கதவில், சந்தனமும் குங்குமமும்.

"நீ இம்மா பத்திரமா குடுக்கறியேண்ணா, ஆயுத பூஜைக்கு எல்லாத்துக்கும் பொட்டு வெச்சேன்" என்றார் தங்கை பெருமையாக.

குங்குமம் உள்ளே இறங்கியிருந்தது. கம்ப்யூட்டர் சென்டரில் ஜனவரியைப் போட்டதும் கர்க், கர்க் என்று அழுதது. அவ்வளவுதான். டவுட்டு தங்கையைத் திட்டாததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் காலை வக்கீலும் போலீஸ்காரரும் வந்துவிட்டார்கள். டவுட்டு நேராக என் ஷெட்டுக்கு நடந்தார். எல்லோரும் பின்னால் போனோம். என் தகரப் பெட்டியைக் கவிழ்த்து, அடியில் விரித்திருந்த பேப்பரை உரித்தார். டைல்ஸ் பதித்தது போல ஒட்டிய உறைகள், மாதத்துக்கு ஒன்று. அரிசி சிதறியது. கிரேன் டிரைவர் என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இவன் பெட்டியிலயா வெச்சீரு?" என்றார் அண்ணாச்சி.

"ஆபீஸ்ல வெச்சா நீங்க அழிச்சிடுவீங்க. எனக்கு இவன்மேலதான் ரொம்ப டவுட்டு. டவுட்டு கீற எடத்ததான நான் விடாம பாத்துகினு இருப்பேன்?"

ஞாயிற்றுக்கிழமை டீயின் ரகசியம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. கொஞ்சம் வலித்தது.

வக்கீல் விடவில்லை. "இதை நேத்து நீங்க அடிச்சு வெக்கலைன்னு என்ன நிச்சயம்?"

டவுட்டின் முகம் மலர்ந்தது. வாழ்நாளில் முதல் முறையாகத் தன் ஜாதி மனிதர் ஒருவரைப் பார்த்துவிட்டார். "கரெக்டா கேட்டீங்க சார்! ஒட்டுன எடத்த பாருங்க. கையெழுத்து, தேதி. நீங்களே கிழிங்க."

வக்கீல் ஜனவரி உறையைக் கிழித்தார். ஃபிளாப்பியைக் கையில் வாங்கிய டவுட்டு என் காதோரம் சொன்னார்: "இத மட்டும் ஒருவாட்டிகூட தொறந்து பாக்கல. எனக்கே டவுட்டா கீதுடா."

ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டதும் டிரைவ் ஒருமுறை முனகியது. நின்றது. மறுபடி முனகியது. அவருடைய விரல்கள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தன. பிறகு திரையில் வரிகள் வந்தன. அந்தத் தேதி, அந்த லாரி, சீல் எண். உள்ளே வந்தபோது இருந்த அதே எண் வெளியே போனபோதும் இருந்தது. கப்பல் கம்பெனிக் காகிதத்திலும் அதே எண். சீல் மாறியது எங்கள் கேட்டைத் தாண்டிய பிறகுதான். வக்கீல் எழுதிக்கொண்டார். போலீஸ்காரர் லாரிக்காரரின் விலாசம் கேட்டார்.

அவர்கள் போனதும் டவுட்டு என் மணிக்கட்டை விட்டார். விரல் தடம் பதிந்திருந்தது.

"இப்பவாச்சும் நம்புறியாண்ணா?"

"ஜனவரிய நம்புறேன். மத்த மாசம்லாம் இனிமேதான் பாக்கணும்."

அடுத்த பொங்கல் தாண்டியதும் எனக்குக் கால் அரித்தது. வேலையை விட்டுவிட்டேன் என்று சொல்லப் போனபோது அவர் ஃபிளாப்பியில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"மாசம் மொத சனிக்கெழம வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போ."

"எதுக்குண்ணா?"

"எடுத்து வெச்சா மட்டும் ஆச்சா?"

அதன்பிறகு எந்த ஊரிலும் ஒரு வருடம் முழுதாக நின்றதில்லை நான். ஆனாலும் பக்கத்தில் எங்கே வேலை பார்த்தாலும் முதல் சனிக்கிழமை போய் நிற்பேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டு மேலும் கீழும் பார்ப்பார். "நீதானா?" என்பார். "நான்தான்ணா" என்பேன். அவர் நம்புவதில்லை. ஆனால் நான் போவதற்கு முன்பே இரண்டு டீ சொல்லி வைத்திருப்பார்.